பிஸ்கட் டப்பாவில் இருந்த தாள்

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? துரைக்கு இருமல் விட்டதா? மாமாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் வீட்டு போனின் லட்சணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காது மந்தம் என்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். நான் இங்கே தும்மினால் உன் பக்கத்து வீட்டுக்காரி மருந்து சொல்லுவாள். அதனால் உன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் டூ விட்டால், வாயால் பேசாமல் நோட்டுத்தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைப்போமே, அப்படி வைத்துக்கொள். இப்போது டூ ஒன்றும் இல்லை.

எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஒன்பது வாரம். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இந்த முறை பெரிய ஆஸ்பத்திரி. சிட்டு வயிற்றில் இருந்தபோது போன கிளினிக்கில் எடை பார்த்து, இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே குடும்பத்தைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஓர் ஆலோசகர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று தாளில் நம் வம்சத்தையே வரைந்தார். உனக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழே துரைக்கு ஒரு சதுரம். அந்தச் சதுரத்தை மட்டும் பேனாவால் கறுப்பாக நிரப்பினார்.

“அக்கா பையனுக்கு டவுன் சிண்ட்ரோம்னு சொன்னீங்க. அது தானா வந்ததா, குடும்பத்துல ஓடுறதான்னு அப்போ பார்த்திருப்பாங்களே. அப்பா அம்மா ரத்தம் எடுத்தாங்களா?” என்றார்.

“தெரியாதுங்க.”

“எடுத்திருந்தா ஒரு தாள் இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்க. பெரும்பாலும் தானா வர்றதுதான். அப்படின்னா நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். ஓடுறதுன்னா, பதினாறாவது வாரத்துல ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கறதைப் பத்தி யோசிக்கலாம்.”

பதினாறு வாரம் என்றால் ஜூலை கடைசி. அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறதா அக்கா? இருந்தால் ஒரு நகல் எடுத்து அனுப்பு. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். துரைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன்
வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் அதைக் கையில் கொடுக்கும்போது, “மேடத்துக்கு யாரு இப்போ லெட்டர் போடுறது?” என்று தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். என் தங்கச்சி என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு மரியாதை.

நல்ல செய்தி. சந்தோஷம். உனக்கு என்ன, நினைத்தால் நாள் தள்ளிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள். வாந்தி இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே கணக்கு நடத்தாதே, நாற்காலி கேட்டு வாங்கு.

இங்கே எல்லோரும் நலம். அம்மா நடக்கிறாள். துரை ஏழு வயதில் தானே சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டுவிட்டான். ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணி ஒன்பதில் முடிப்பான். சனிக்கிழமை அரை நாள் என்னோடு கம்பெனிக்கு வருகிறான். என் செக்கிங் மேஜைக்குக் கீழே அவனுக்கு ஓர் அட்டைப்பெட்டி போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை என் கையில் புரளுகிறது. தையல் விட்டிருந்தால், காலர் கோணியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். நான் ஒட்டியதை அவன் உரித்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொள்வான். சூப்பர்வைசர் திட்டுவார். அவன் அவருக்கும் ஒன்று ஒட்டிவிடுவான்.

தாள் என்று கேட்டிருந்தாய். ஏழு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. எங்கே வைத்தேனோ. பரணில் ஏறித் தேட வேண்டும், மாமாவுக்கு நேரமில்லை. இதற்கெல்லாம் இவ்வளவு கலவரம் எதற்கு? என் மகனைத் தினம் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. நீ வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதால்தான் வருகிறது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. சிட்டுவுக்கு என் அன்பு.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். வாந்தி காலையில் மட்டும். நாற்காலி கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

துரையைப் பார்த்து எனக்குப் பயம் என்று எழுதிவிட்டாய். எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தாயா? அவன் காய்ச்சலில் இருந்தபோது பத்து நாள் பள்ளிக்கு லீவு போட்டு வந்து மடியில் வைத்துக்கொண்டவள் நான். எனக்கு அவன்மேல் பயம் இல்லை. எனக்கு என்மேல்தான் பயம். தெரிந்துவிட்டால் நான் என்ன முடிவு எடுப்பேனோ என்று.

நேற்று ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பேங்க் அம்மா. கோப்பு, பென்சில், அட்டவணை எல்லாம் வைத்திருந்தாள். “இருக்கற டெஸ்ட் எல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன். எப்படிப் பிறந்தாலும் நான்தான் வளர்க்கப் போறேன். ஆனா திடீர்னு எதுவும் வரக் கூடாது, எனக்கு ஆகாது” என்றாள். அவளுக்கு எதிரே மார்க்கெட்டில் பூ விற்கிற ஒருத்தி. “தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறேன்? வேண்டாம்னு சொல்லத் தெம்பில்ல. தெரிஞ்சுக்கிட்டு அஞ்சு மாசம் சுமக்கவும் தெம்பில்ல. அது பாட்டுக்கு வரட்டும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அப்படித் தூங்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? மூன்றாவதாக ஒரு சின்னப் பெண். நர்ஸ் கேட்ட எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருந்த புருஷனே பதில் சொன்னான். “அவளுக்கு அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்.” அவன் தண்ணீர் பிடிக்கப் போனதும் அவள் நர்ஸின் கையைப் பிடித்து, “அவருக்குத் தெரியாம எடுக்க முடியுமா?” என்றாள்.

எனக்கு எடுப்பதா வேண்டாமா என்பதே உன் தாளில்தான் இருக்கிறது. பரணில் ஏற மாமாவுக்கு நேரமில்லை என்றால் நான் வந்து ஏறட்டுமா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சிட்டு பிறந்தபோது நீ வரவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாய். மூன்று மாதம் கழித்து வந்தாய், அவளைத் தூக்கவே இல்லை. இடுப்பு வலி என்றாய். மறுநாள் துரையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவை, மாமாவைக் கேட்டதாகச் சொல்.

வாலு


ஜூலை 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், அதனால் தாமதம். பரணில் பார்த்தாயிற்று. கரையான் அரித்திருக்கிறது. தாள் இல்லை.

உனக்கு வட்டம் சதுரம் போட்டுக் காட்ட ஒரு அம்மா இருக்கிறார். பதினாறாவது வாரம், பதினெட்டாவது வாரம் என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. துரை பிறந்த மறுநாள் ஒரு டாக்டர் வந்து, என் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கட்டில் காலுக்குத்தான் ஆறுதல் சொன்ன மாதிரி இருந்தது. என்னை யாரும் முன்னால் கேட்கவில்லை. உனக்கு முன்னால் கேட்கிறார்கள். நீ அதிர்ஷ்டக்காரி. அதை வைத்துக்கொண்டு அழுகிறாய்.

எங்கள் லைனில் பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி மாசமாக இருக்கிறாள். டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டதற்கு, “நீங்க சட்டையைப் பார்க்கற மாதிரி என் வயித்தை ஒருத்தன் பார்க்கணுமாக்கா?” என்றாள். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ரோலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

சிட்டுவைத் தூக்கவில்லை என்கிறாய். இடுப்பு வலிதான்.

அக்கா


ஜூலை 12

அக்கா,

கரையானா? நம் இருவரில் ஒன்றாம் வகுப்பு ரேங்க் கார்டைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பவள் யார்? நீல நிற பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக. அந்த டப்பா உன் துணி அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. பரணுக்கு அது என்றைக்குப் போனது?

நீ தரமாட்டேன் என்கிறாய். ஏன் என்றும் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு நல்லது நடந்தால் உனக்கு அன்று முழுவதும் தலைவலி. எனக்குக் காலேஜ் கிடைத்தபோது வந்தது. எனக்கு வேலை கிடைத்தபோது வந்தது. சிட்டு பிறந்தபோது இடுப்பு வலியாக வந்தது. அம்மா உன்னோடு இருக்கிறாள், நம் வீடு உன்னிடம் இருக்கிறது, நான் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள்தான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

வாலு


ஜூலை 27

அக்காவுக்கு,

இனி நீ தேட வேண்டாம்.

முதல் நாளே ஆலோசகர் அம்மா சொல்லியிருந்தார், தாள் கிடைக்காவிட்டால் என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று. உனக்கு அதை எழுதவில்லை. நீ தருகிறாயா என்று பார்க்கலாம் என்றுதான். உன் முதல் கடிதம் வந்த மறுவாரமே ரத்தம் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள், நேற்று வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. உன் ரத்தத்தில் எது ஓடினாலும் என் ரத்தம் சுத்தம். ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிட்டு அப்பா சந்தோஷத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார்.

உன் டப்பாவை நீயே வைத்துக்கொள். பூட்டு வேண்டுமானால் வாங்கி அனுப்புகிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

வாலு


ஜூலை 27

அன்புள்ள வாலுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? உண்மையாகவே கேட்கிறேன்.

இந்த வாரத்தோடு உனக்குப் பதினேழு வாரம் முடிகிறது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பத்து நாளாக இந்த உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். இன்று போட்டுவிடுகிறேன். இதில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. நீ கேட்டது ஒன்று.

முதல் தாள், துரைக்கு நாலு மாதம் இருக்கும்போது வந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான். இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். அதனால் எனக்கு ஒரு சளிகூடப் பிடிக்காது, பிள்ளைக்குப் போகும்போதுதான் கணக்குத் தப்பும். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கலாம், கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அடியில் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே டாக்டர் கோடு போட்டிருக்கிறார், பார். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்திதான்.

இரண்டாவது தாளில் தேதியைப் பார். சிட்டு பிறந்த மாதம். நான் பாத்ரூமில் விழவில்லை. எனக்குப் பதினெட்டு வாரம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, எல்லாம் நல்லபடியாக வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். துரை மாதிரியேதான் என்று வந்தது. வேண்டாம் என்று சொன்னது நான். மாமா, “உனக்கு எது முடியுமோ அதைச் செய்” என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்காக அவர்மேல் எனக்குக் கோபம், ஏன் என்று அவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த மறுநாள் உன் போன் வந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ. ஸ்பீக்கரில் வீடே கேட்டது. துரை கை தட்டினான்.

துரையை வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்னொருத்தனை வேண்டாம் என்றேன். இரண்டும் உண்மை. ஒரே மனுஷி எப்படி இரண்டையும் வைத்திருக்கிறாள் என்று கேட்காதே. அவனைக் குளிப்பாட்டும்போது நானே கேட்டுக்கொள்கிறேன். இதற்கெல்லாம் கலவரம் எதற்கு என்று உனக்கு எழுதினேனே, டெஸ்ட் எடுத்தவள் எழுதியது அது.

இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். மறுபடி திறக்கிறேன்.

நீ சிட்டுவைச் சுமந்த ஒன்பது மாதமும் முதல் தாள் அந்த டப்பாவில்தான் இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைக் கலவரப்படுத்தக் கூடாது, அம்மாவுக்குத் தெரிந்தால் தன்னால்தான் என்று உடைந்துபோவாள், உன் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நல்ல காரணங்களாக நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கெட்ட காரணம் இருந்தது. உனக்கும் இப்படி ஒன்று வந்தால் எனக்குத் துணை இருக்குமே என்று. அது என் தலைக்குள் ஓடியது, நான் அதை நிறுத்தவில்லை. மூன்று கிலோ என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அதனால்தான் சிட்டுவைத் தூக்கவில்லை. என் கை எனக்கே பிடிக்கவில்லை.

இந்தத் தடவையும் அதே எண்ணம் வந்தது. அதோடுதான் உன் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். எனக்குப் பொறாமை என்கிற மாதிரி எழுதியிருந்தாய். நீ கண்டுபிடித்ததில் பாதிதான் அது.

போ, சீக்கிரம் அந்த அம்மாவிடம் காட்டு. நேரம் இருக்கிறது. என்ன வந்தாலும், நீ என்ன முடிவெடுத்தாலும், எனக்கு எழுது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு வாயில்லை.

அக்கா


ஆகஸ்ட் 2

என் அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் நேற்று வந்தது. என் கடிதம் முந்தாநாளே உனக்கு வந்திருக்கும். நீ உறையைத் தபாலில் போட்ட அதே நாள் நானும் போட்டிருக்கிறேன். பூட்டு வாங்கி அனுப்புகிறேன் என்று வேறு எழுதித் தொலைத்தேன். அதை நீ படிப்பதற்கு முன் போன் பண்ணிக் கிழித்துப் போடச் சொல்லியிருக்கலாம். உன்னுடையது வந்த பிறகுதானே எனக்கு அது தெரியும்.

இரண்டாவது தாளை நான் படித்துவிட்டேன். அந்த மாதம் நான் உனக்குத் தினமும் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா? பால் சரியாக வரவில்லை, குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது என்று. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ஒரு நாள், “உனக்கென்னக்கா, ஒண்ணோட நிறுத்திட்ட, நிம்மதி” என்று சொன்னேன். நீ, “ஆமா, நிம்மதி” என்றாய்.

துணை வேண்டும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறாயே, அதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள், போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது தடவை படித்தபோது, அதை எழுதாமலே நீ உறையை ஒட்டியிருக்கலாமே என்று தோன்றியது. நான் கேட்ட தாளுக்கு அது தேவையே இல்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலு


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. போனில் அம்மாதான் பேசுகிறாள். “அக்கா கம்பெனில இருக்கா, அக்கா குளிக்கறா, அக்கா தூங்கறா.” ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ எந்தக் கம்பெனியில் இருப்பாய்?

ஐந்து மாத ஸ்கேன் ஆயிற்று. எல்லாம் சரி. உன் தாளைக் காட்டியபோது, தேவையில்லை, ஆனாலும் ஆசைப்பட்டால் ஊசி போடலாம் என்றார்கள்; வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துரையை நினைத்து வேண்டாம் என்றேன் என்று உனக்கு எழுத ஆசைதான். அது பொய். எனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு தாள் கையில் இருந்ததால்தான் அவ்வளவு தைரியம். அது வேறு மாதிரி வந்திருந்தால் நான் ஊசிக்கு முதல் ஆளாக நின்றிருப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் போகாத இடத்துக்கு நீ போய் வந்திருக்கிறாய், தனியாக.

பொறாமை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. போன மாதம் ஒரு நாள் சிட்டு என்னிடம், “எனக்கு அந்த பொம்மை வாங்கித் தந்தாத்தான் உன்னைப் பிடிக்கும்” என்றாள். நான்கு வயதில் பேரம். துரை நீ கதவைத் திறந்தாலே, ஏதோ வருஷக் கணக்கில் காணாமல் போனவள் வந்த மாதிரி ஓடி வருவான். பால் வாங்கப் போய்விட்டு வந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரியும். உனக்குச் சொன்னதில்லை.

பேங்க் அம்மாவை மறுபடி பார்த்தேன். எல்லாத் தாளும் நல்லபடியாக வந்துவிட்டதாம். “அப்பவும் பயம் போகலைங்க. அடுத்து எதுக்கு டெஸ்ட் இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்” என்று சிரித்தாள். பூக்காரி வரவில்லை. அந்தச் சின்னப் பெண்ணையும் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்ன நாள் ஜனவரி 7.

துரைக்கு முத்தம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். உன்னையும்.

வாலு


நவம்பர் 28

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். இப்போதெல்லாம் காலில் வீக்கம் இருக்கும், தொங்கப் போடாதே. இடது பக்கம் சாய்ந்து படு.

நாலு மாதம் டூ விட்டுவிட்டேன். சின்ன வயதில்கூட நம் கணக்கு இரண்டு நாளைத் தாண்டியதில்லை.

உன் ஜூலைக் கடிதத்தை வாட்ச்மேன் கொடுத்தபோது நான் மேஜையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே பிரித்துப் படித்தேன். பூட்டைப் பற்றி எழுதியது வலிக்கவில்லை, அது நம் வழக்கமான வாய்தான். ‘சுத்தம்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாய். அதைத்தான் முழுங்க முடியவில்லை. அந்தக் கடிதத்தின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி டிராயரில் போட்டு மூடினேன். நாலு மாதமும் அது அங்கேதான் கிடந்தது. போன சனிக்கிழமை துரை டிராயரைக் குடைந்து அதை எடுத்து, ஸ்டிக்கரை உரித்துத் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டு, கடிதத்தை என் கையில் கொடுத்தான். சித்தி கையெழுத்து அவனுக்குத் தெரியும். “சித்தி” என்றான். அவன் அதைப் பத்திரமாகக் கொடுத்த விதத்தில், மறுபடி ஒட்ட எனக்குக் கை வரவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டாவது தாளைப் பற்றி. காது கேட்க வேண்டும் என்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. யோசித்துப் பார், அதைக் கத்திச் சொல்வது எப்படி இருக்கும் என்று. பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு, “எனக்கு அப்பவே தெரியும்டி. நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து உள்ளே நுழைஞ்ச நடையைப் பார்த்தேன். எனக்குக் காதுதான் கேக்காது” என்றாள். நாலு வருஷமாக அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஒரே அம்மா, ஒரே அப்பா. இரண்டு பேரில் ஒருத்திக்குப் போக வேண்டியது எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. நீ கணக்கு டீச்சர், அது பாதிக்குப் பாதி என்று போர்டில் போட்டுக் காட்டுவாய். எனக்கும் புரிகிறது. புரிந்தும் எரிகிறது. உன் ஸ்கேன் சரி என்று படித்ததும் முதலில் எரிந்தது, பிறகுதான் சந்தோஷம் வந்தது. ஆனால் வந்தது. சிட்டு பிறந்தபோது அதுகூட வரவில்லை. அவ்வளவுதான் என்னால் ஆன முன்னேற்றம்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் முணுமுணுத்தார். துரை அவர் நெற்றியில் ஒன்று ஒட்டினான், கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் துரையும் 2ஆம் தேதி வருகிறோம். அம்மாவை மாமா பார்த்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளை பிறந்து என் கையில் கொடுக்கும்போது, நீ என் முகத்தைப் பார்க்காதே. ஒரு நிமிஷம் வேறு எதையாவது பார். அந்த ஒரு நிமிஷம் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு பார்.

அக்கா


டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இடது பக்கம்தான் படுக்கிறேன்.

சிட்டு தன் கட்டிலில் பாதியைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்து, “இது துரை அண்ணாவோடது, தாண்டி வந்தாலும் பரவாயில்லை” என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லியிருக்கிற அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர். ஜன்னல்கூட இல்லை. நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் என்று கணக்கு வைக்காதே. நீ கூப்பிட்ட பிறகு திரும்புகிறேன்.

வாலு